பூட்டைத் திறந்தவள்

வழக்கில் ஜெயித்துவிட்ட சேதி வந்தபோது பொலிக்சேனி மலைச்சரிவில் குனிந்து கஷ்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். மழை பெய்து ஓய்ந்ததில் முள்தோடெல்லாம் ஊறிப் பிளந்து கிடந்தது. ரப்பர் கையுறைக்குள்ளே துணிக் கையுறை போட்டிருந்தாலும் முள் எப்படியாவது விரலைத் தேடி வந்துவிடும். அக்டோபர் மாதம் எங்கள் பலியோமிலோ ஊரில் யார் கையைப் பார்த்தாலும் கரும்புள்ளிதான். சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்த காலத்தில் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் ஊசி வைத்து முள் எடுத்துவிட்டவள் அவள். இப்போது அவளுக்கு எடுத்துவிட ஆளில்லை. புருஷன் லாம்ப்ரோஸுக்குக் கை நடுங்கும்.

வக்கீல் சராந்திஸ் கீழே பட்டணத்திலிருந்து போனில் பேசினார். மலையில் சத்தம் விட்டுவிட்டுத்தான் வந்தது. அவளை வேலையை விட்டு நீக்கிய உத்தரவை நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதாம். அவர் சொன்னதை மறுபடி ஒருதரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். பிறகு ஈர இலையின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் பொறுக்கிக்கொண்டிருந்த அல்பேனியாக்காரி பயந்துபோய் ஓடிவந்தாள். இவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கு விளங்கவில்லை.

சாயங்காலம் வீட்டு முற்றத்தில் தொட்டித் தண்ணீரில் கஷ்கொட்டையைக் கொட்டினாள். சொத்தை மிதக்கும், நல்லது அடியில் தங்கும். மிதப்பதை அள்ளி ஆட்டுக்குப் போடுவது லாம்ப்ரோஸின் வேலை. மரம் அறுக்கும் ஆலையில் இருபது வருஷத்துக்குமேல் தேவதாருத் தூள் குடித்த நெஞ்சு அவனுடையது. நாலு எட்டு நடந்தால் உட்கார வேண்டும். வீட்டுக்குள் ஆக்சிஜன் மெஷின் இரைந்துகொண்டேயிருக்கும். அன்றைக்கு மூக்குக் குழாயைக் கழற்றிவிட்டு வெளியே வந்து முக்காலியில் உட்கார்ந்தான்.

"அப்ப பட்டணத்துக்குப் போயிரலாம்" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். ஆனால் இத்தனை வருஷமாக அந்த வீட்டில் கண்டிருந்த கனவு அது ஒன்றுதான். வேலை திரும்பக் கிடைத்தால் கீழே உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றல் கேட்கலாம். வீட்டில் ஆள் இப்படிக் கிடந்தால் மாற்றல் தருவார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பிடித்துவிட்டால் பனி விழுந்து பாதை அடைபடுகிற மாதங்களில் அவனை நினைத்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

அவள் வேலை போன கதை ஊருக்கே தெரியும். சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள்.

அது ஆகஸ்ட் மாதம், மாதாவின் பெருநாளுக்கு முந்தின நாள். ஊர் முழுக்க கோயில் முற்றத்தில். அண்டாவில் ஆட்டுக்கறி வேக ஆரம்பித்திருந்தது. விரதம் முடியவில்லை என்பதால் யாரும் உப்புக்கூடப் பார்க்கமாட்டார்கள். சுகாதார நிலையத்து டாக்டர், படிப்பு முடித்துக் கட்டாய வேலைக்கு வந்த சின்னப் பையன், அடுத்த பள்ளத்தாக்கில் ஒருவன் டிராக்டரோடு கவிழ்ந்தான் என்று போயிருந்தார். நிலையத்தில் பொலிக்சேனியும், கட்டிலில் கோஸ்மாஸ் கிழவரும், அவர் மகள் ஆர்கிரோவும்தான்.

கோஸ்மாஸுக்கு உயிர் பிரியவில்லை. முந்தாநாளே போயிருக்க வேண்டிய உயிர். கண் மேலே செருகிக்கொண்டு, தொண்டையில் மூச்சு மரம் அறுப்பதுபோல இழுத்துக்கொண்டிருந்தது. டாக்டர் கொடுக்கச் சொன்ன மருந்தெல்லாம் கொடுத்தாகிவிட்டது. ஆர்கிரோ காலடியில் முட்டுக்குத்திக்கொண்டு, எப்பா போயிரு, போயிரு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு திரும்பி, "ஏட்டி, இங்க எல்லாம் பூட்டிக் கெடக்கே" என்றாள்.

எங்கள் மலையில் ஒருத்தருக்கு உயிர் போகாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால், அந்தக் கூரையின்கீழ் கட்டினது, மூடினது, பூட்டினது எதுவும் இருக்கக்கூடாது. கதவு, சன்னல், பெட்டி, அலமாரி எல்லாம் திறந்துவிடுவார்கள். பெண்கள் சடையை அவிழ்ப்பார்கள். படித்தவர்கள் வீட்டிலும் இதுதான் நடக்கும், வெளியே சொல்லமாட்டார்கள், அவ்வளவே.

பொலிக்சேனி யோசிக்கவே இல்லை. சாவிக்கொத்தை எடுத்தாள். மருந்து அலமாரி, மேசை இழுப்பறை, பின்கதவு, ஆம்புலன்ஸ் கதவு என்று எல்லாவற்றையும் திறந்துகொண்டே போனாள். பின்கட்டில் தடுப்பூசி வைக்கிற குளிர்பெட்டிக்கும் பூட்டு உண்டு, அதையும் திறந்தாள். திரும்பி வந்து கிழவரின் சட்டைப் பொத்தானையும் இடுப்புக் கயிற்றையும் தளர்த்தி, அவர் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். இழுப்பு மெல்லமெல்லத் தணிந்தது. தூங்குகிறவர் திரும்பிப் படுப்பதுபோல முகத்தை ஒருபக்கம் சாய்த்தார், போய்விட்டார்.

பிறகு உடம்பை ஒயின் தொட்டுத் துடைக்க வேண்டும், பாதிரியாருக்குச் சொல்ல வேண்டும், சவப்பெட்டிக்காரனைத் தேட வேண்டும். திறந்ததையெல்லாம் பூட்டினாள். குளிர்பெட்டியை மறந்துபோனாள். அந்தப் பாழாய்ப்போன பெட்டிக்குக் கதவு ரப்பர் தேய்ந்து வருஷக்கணக்காகிறது. பூட்டுதான் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது. ரப்பர் மாற்றித் தாருங்கள் என்று அவளே எத்தனையோ தடவை எழுதிக் கேட்டிருந்தாள். பெருநாள் கழிந்து டாக்டர் பார்த்தபோது கதவு ஒரு சாண் விலகியிருந்தது. பள்ளத்தாக்குப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் வைத்திருந்த தடுப்பூசி வெந்நீராகிக் கிடந்தது.

பிள்ளைகள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, புது மருந்து வரும்வரை காத்திருந்தார்கள். தப்பு தப்புதான், அவளும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சுகாதார அலுவலகத்தில் அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கீழேயே உட்கார்ந்து பேசி, கீழேயே முடிவு செய்து, வேலையை விட்டு நீக்கி ஆளனுப்பிவிட்டார்கள். சராந்திஸ் அதைத்தான் பிடித்துக்கொண்டார். நீங்கள் தப்பு செய்தீர்களா இல்லையா என்று நீதிமன்றம் பார்க்காது, உங்களைச் சரியான முறைப்படி வெளியே அனுப்பினார்களா என்றுதான் பார்க்கும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். அவளுக்கு அது அப்போது முழுசாகப் பிடிபடவில்லை. வருஷக்கணக்காக ஏதென்ஸ் நீதிமன்றத்திலே வக்கீல்கள் அவளுக்காக ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: அவளைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். என்ன சொல்லியிருப்பாள் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

ஜெயித்த சேதிக்கு மறுநாள் பொலிக்சேனி காட்டுக்கீரை உள்ளே வைத்த மாவு அடையைப் பெரிய தட்டில் வைத்துச் சுட்டாள். அக்கம்பக்கத்தார் வந்து சாராயம் குடித்து வாழ்த்திவிட்டுப் போனார்கள். ஆர்கிரோ மட்டும் வரவில்லை. அவள் மகள் ரோதூலாவைத்தான் பொலிக்சேனி இடத்தில் தற்காலிகமாக வைத்திருந்தார்கள். பழையவள் திரும்பி வந்தால் புதியவள் வீட்டுக்குப் போக வேண்டும். சிறிய ஊரில் ஒரு வேலை என்றால் அது ஒருத்தியிடமிருந்து பிடுங்கித்தான் இன்னொருத்திக்கு. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

அடுத்த வாரமே சராந்திஸின் குரல் மாறிவிட்டது. நீதிமன்றம் உத்தரவைத்தான் ரத்து செய்திருக்கிறது, விவகாரம் மறுபடி சுகாதார அலுவலகத்தில் அவளை நீக்கின அதே குழுவுக்குப் போகிறது என்றார். இந்தத் தடவை முறைப்படி கூப்பிட்டு விசாரிப்பார்கள். அதுவரை வேலை இல்லை.

"அப்ப நான் என்னத்த ஜெயிச்சேன்?" என்று கேட்டாள் பொலிக்சேனி.

"உங்களக் கேக்கணும்கிறத ஜெயிச்சிருக்கீங்க" என்றார் சராந்திஸ். நல்ல மனுஷர்தான், அவருக்கே அது சொல்லக் கூச்சமாக இருந்தது.

அவரே ஒரு வழியும் சொன்னார். பெருநாள் கூட்டத்தில் ஊரில் கரண்ட் போய்ப்போய் வருவது வழக்கம்தானே. கரண்ட் போனதால் தடுப்பூசியை ஐஸ் பெட்டிக்கு மாற்றக் குளிர்பெட்டியைத் திறந்தேன், பின்னாலே ஜெனரேட்டரைக் கிளப்பப் போனேன், அதற்குள் கோஸ்மாஸ் இறந்துவிட்டார், அந்தக் கலவரத்தில் பூட்ட மறந்தேன் என்று சொன்னால் போதும். ரப்பருக்கு எழுதிக் கேட்டதும் கைகொடுக்கும். கொஞ்ச மாதச் சம்பளம் பிடிப்பார்கள், வேலை மிஞ்சும். பூட்டு, உயிர், சடை என்று வாயைத் திறந்தால் தொலைந்தோம் என்றார்.

கிறிஸ்துமஸ் விரதம் தொடங்கின வாரத்தில் ஆர்கிரோ வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. அடுப்பில் பயறு கொதித்துக்கொண்டிருந்தது. பொலிக்சேனி கரண்டியைக் கையிலிருந்து இறக்காமலே நின்றாள்.

"விசாரணைக்குப் போறியாமே."

"கூப்பிட்டிருக்காங்க. போறேன்."

"எங்க அப்பா கதைய இழுக்காதட்டி. நான்தான் தொறக்கச் சொன்னேன்னு வந்தா, அவங்க நாளைக்கி என் மகளயும் ஒரு மாதிரியாத்தான் பாப்பாங்க. இன்னார் மக, பூட்டைத் தொறக்கச் சொன்னவ மகன்னு."

"நீ சொன்னியா இல்லயா?"

ஆர்கிரோ அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சொன்னேன். அவரு நல்லபடியாப் போனாரு. அதுக்கு ஒன்னயத் தெனமும் கும்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா என் மகளுக்கு இந்த வேல ஒண்ணுதான் இருக்கு."

"எனக்கு மட்டும் ரெண்டு இருக்காக்கும்" என்றாள் பொலிக்சேனி. ஆர்கிரோ போய்விட்டாள். பயறு அடிப்பிடித்துவிட்டது. அன்றைக்கு அதைத்தான் தின்றார்கள்.

லாம்ப்ரோஸ் எல்லாவற்றையும் உள்ளறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். சாப்பிட்டு முடித்து ரொட்டித்துண்டால் தட்டை வழித்துக்கொண்டே பேசினான். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் இன்னது செய் என்று கேட்டவனில்லை. அவள் நர்ஸ் வேலைக்குப் படிக்கக் கீழே போனபோதும் ஊர் பேசினது, அவன் பேசவில்லை.

"அந்த கரண்ட் கதையவே சொல்லிரு, பொலிக்சேனி."

"பொய்யி."

"பொய்யிதான். யாருக்கு நட்டம்? எனக்கு இந்த மாசி பயமா இருக்கு. பாத அடச்சா நான் இங்கனக்குள்ளயே கெடந்து..." மூச்சு வாங்கியது. குழாயைச் சரிசெய்துகொண்டான். "சொல்லிருட்டி. எனக்காவச் சொல்லிரு."

அவள் அவன் கையிலிருந்து தட்டை வாங்கினாள். இவனுக்கில்லாத உண்மை எனக்கு என்னத்துக்கு என்று நினைத்தாள். சொல்லிவிடுவது என்று தீர்மானமாகத்தான் பஸ் ஏறினாள்.

பட்டணத்தில் பனி இல்லை, சேறும் புகையும்தான். குழு உட்கார்ந்திருந்த அறையில் சூடேற்றி எரிந்துகொண்டிருந்தது. தலைவர் வெள்ளைமுடிக்காரர், மரியாதையான மனுஷர். அவளுக்கு நாற்காலி போடச் சொல்லி, தண்ணீர் வைக்கச் சொன்னார். பக்கத்தில் அலுவலக வக்கீல். ஓரத்தில் ஒரு பெண் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். முந்தின தடவை உங்களைக் கேட்காமல் விட்டது தவறு, நீதிமன்றம் சொன்னபடி இன்றைக்கு நீங்கள் சொல்லுகிற அத்தனையும் பதிவாகும் என்று தலைவர் ஆரம்பித்தார். அவள் ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள்.

மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். கரண்ட், ஐஸ் பெட்டி, ஜெனரேட்டர் என்று வரிசையாக நன்றாகவே சொன்னாள். சராந்திஸ் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். முடிந்துவிட்டது என்று நினைத்த நேரத்தில் அலுவலக வக்கீல் நிமிர்ந்தார்.

"ஒண்ணே ஒண்ணு தெளிவுபடுத்திக்கிறேன். நோயாளி இறந்த நேரத்துல நீங்க ஜெனரேட்டர்கிட்ட இருந்தீங்க. அவர் பக்கத்துல நீங்க இல்ல. அப்படித்தானே?"

சராந்திஸ் அவளைப் பார்த்தார். ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தட்டச்சுக்காரி விரலை விசைமேல் வைத்துக் காத்திருந்தாள். இனி எந்தக் காலத்திலும், கோஸ்மாஸ் என்கிறவர் நர்ஸ் பக்கத்தில் இல்லாமலே செத்தார் என்று அந்தக் கோப்பில் இருக்கும். அவர் கை சூடு ஆறியது அவள் உள்ளங்கையில்தான். எத்தனையோ பேருக்கு அவள் கண்ணை மூடிவிட்டிருக்கிறாள். ஒருத்தரையும் தனியாக விட்டதில்லை. அவளிடம் மிச்சமிருந்த கௌரவம் அது ஒன்றுதான். அதையும் கேட்கிறார்களே என்று ஆத்திரம் வந்தது.

"இல்ல" என்றாள். "பக்கத்துலதான் இருந்தேன். அவரு கை என் கைக்குள்ள இருந்துச்சு. கரண்ட் போகல. போனதாச் சொன்னது பொய்யி."

சராந்திஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்போ குளிர்பெட்டியை எதுக்குத் திறந்தீங்க?" என்று தலைவர் மெதுவாகக் கேட்டார்.

சொன்னாள். முதலிலிருந்து சொன்னாள். மூச்சு இழுத்தது, பூட்டு ஒவ்வொன்றாகத் திறந்தது, கயிற்றைத் தளர்த்தியது, அவர் முகத்தைச் சாய்த்தது என்று ஒன்றும் விடாமல் சொன்னாள். யாரும் குறுக்கிடவில்லை. தட்டச்சுக்காரிகூட நடுவில் அடிப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள், பிறகு ஞாபகம் வந்து வேகமாக அடித்தாள். இப்படிச் செய்யச் சொல்லி உங்களை யாராவது கேட்டார்களா என்று வக்கீல் கேட்டார்.

"சாகுறவரு கெடந்த கெடயே கேட்டுச்சு" என்றாள். ஆர்கிரோவின் பெயரை எடுக்கவில்லை.

தலைவர் எழுந்து நின்று கைகொடுத்தார். நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி என்றார். பஸ்ஸில் வரும்போது அவளுக்கு உடம்பு லேசாக இருந்தது. இத்தனை வருஷத்துக்கு ஒருதரமாவது கேட்டார்களே என்று இருந்தது. மலை ஏற ஏறப் பனி கண்ணாடியில் அப்ப ஆரம்பித்தது. லாம்ப்ரோஸ் முகம் ஞாபகம் வந்ததும் அந்த லேசு போய்விட்டது.

அவன் கோபப்படவில்லை, அதுதான் அவளால் தாங்க முடியாமல் போயிற்று. முழுக்கக் கேட்டுவிட்டு, "கேட்டாங்கல்ல, கடேசில" என்றான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

உத்தரவு ஜனவரியில் வந்தது. மறுபடியும் நீக்கம். இந்தத் தடவை எல்லாம் சுத்தமாக, முறைப்படி: கூப்பிட்டார்கள், கேட்டார்கள், அவள் சொன்னதை எடை போட்டார்கள், காரணம் எழுதினார்கள். இதற்குமேல் நீதிமன்றத்தில் பிடித்துக்கொள்ள இடமில்லை என்றார் சராந்திஸ். அவள் வாக்குமூலத்தால் இன்னொன்றும் நடந்தது. உறவினர் கேட்டாலோ, வழக்கம் என்று சொன்னாலோ, சிகிச்சைக்கு அல்லாமல் எந்தப் பூட்டையும் ஊழியர் திறக்கக்கூடாது, மீறினால் வேலை நீக்கம் என்று மலையில் உள்ள எல்லா சுகாதார நிலையத்துக்கும் சுற்றறிக்கை வந்தது. ரோதூலா அதை மருந்து அலமாரிக்கு மேலே ஒட்டினாள். ஒட்டச் சொல்லித்தான் உத்தரவு.

லாம்ப்ரோஸ் பயந்தபடியே மாசிப் பனியில் பாதை அடைபட்டது. அடைபட்ட மறுநாள் அவனுக்கு மெஷின் போதவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கம்பளியில் கிடத்திச் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிவந்தார்கள். புது டாக்டர் பட்டணத்துக்குப் பேசினார், பனி வாரும் வண்டி மறுநாள்தான் என்றார்கள். செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார், பாவம். கோஸ்மாஸ் கிடந்த அதே கட்டில்தான். அங்கே இருப்பதே அந்த ஒரு கட்டில்.

மத்தியானத்திலிருந்து இழுக்க ஆரம்பித்தது. பொலிக்சேனி அந்தச் சத்தத்தை எத்தனையோ கட்டிலில் கேட்டிருக்கிறாள், தன் வீட்டு ஆளிடம் கேட்டதில்லை. அவன் கண் திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை. அவள் அவன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தாள். கழுத்துப் பொத்தான், மணிக்கட்டுப் பொத்தான், இடுப்புவார் எல்லாம் கழற்றினாள். தன் சடையை அவிழ்த்துவிட்டாள். கைப்பையைத் திறந்து தரையில் வைத்தாள். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டுக்காரனிடம் கொடுத்து, போய் எல்லாக் கதவையும் திறந்துபோட்டுட்டு வா, பனி அடிச்சா அடிச்சிட்டுப் போகுது என்றாள். அவளுக்குச் சொந்தமாகத் திறக்க அவ்வளவுதான் இருந்தது.

ரோதூலா சுவரோரம் நின்றாள். சாவிக்கொத்து அவள் பையில். பை மேலேயே கையை வைத்திருந்தாள். தலைக்கு மேலே அந்தச் சுற்றறிக்கை.

"அத்த" என்றாள். "தொறக்கட்டா?"

பொலிக்சேனிக்கு, திற என்று கத்த வேண்டும்போல இருந்தது. அவளுக்கு உலகத்தில் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. டாக்டர் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பார்க்காததுபோல இருக்கிறேன் என்கிற நிற்பு அது. ஆனால் நாளைக்கு ஒருநாள் கேட்பார்கள். முறைப்படி கூப்பிட்டு, தண்ணீர் வைத்து, மரியாதையாகக் கேட்பார்கள். இந்தப் பிள்ளை என்ன சொல்லும்?

"வேண்டாம்ட்டி" என்றாள். "ஒனக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

ரோதூலா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கையைப் பையிலிருந்து எடுக்கவில்லை, சாவியையும் எடுக்கவில்லை. லாம்ப்ரோஸ் பொழுது இறங்கும்வரை இழுத்தான். பொலிக்சேனி அவன் கையை விடவில்லை, போயிரு லாம்ப்ரோ, போயிரு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் தூங்குகிறவர்போலப் போகவில்லை. கடைசிவரை மூச்சுக்கு முட்டி முட்டித்தான் போனான்.

விளக்குப் போட்டபிறகு ரோதூலா பின்கட்டுக்குப் போனாள், சாயங்காலம் குளிர்பெட்டியைப் பார்க்க வேண்டியது அவள் வேலை. உடம்பைத் துடைக்க ஒயினும் துணியும் எடுக்கப் பொலிக்சேனியும் பின்னாலேயே வந்தாள். பழைய பெட்டிதான். ரப்பர் இன்னும் மாற்றவில்லை. பூட்டுதான் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது.